மாதம் ஒரு மேடை: பறையும் கச்சேரியும் பரதமும் கூத்தும் ஒரே திடலில் நடத்தும் முறை

ஊர்த் திடலில் மாதம் ஒரு மாலை, பல வகைப் பாட்டும் ஆட்டமும் என்று ஆரம்பிக்கும் நிகழ்ச்சிகள் பல, நாலாவது ஐந்தாவது மாதத்தில் நின்றுபோகின்றன. பணத் தட்டுப்பாட்டைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேறு. தேதி மாதாமாதம் மாறியிருக்கும். சவுண்டு செட் ஒருநாள் கச்சேரியைக் கெடுத்திருக்கும். எல்லாவற்றையும் விட, பறைக்குழுவை வாசலில் நின்று கூட்டம் சேர்க்கச் சொல்லிவிட்டு மேடையை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள். அந்தக் குழு மறுபடி வராது, அவர்களைப் பார்க்க வந்த தெருவும் வராது. பல கலை என்று பெயர் வைத்தால் நேரம், பணம், மைக், ஒப்பனை அறை நாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இதை வைத்துப் போட்டவை.

இது புது யோசனை அல்ல. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைகளை நகரத்துப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டுவந்தது. 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. அவை ஆண்டுக்கொரு முறை நடந்த விழாக்கள். மாதாமாதம் நடத்துவதற்கு வேறு விதமான ஒழுங்கு வேண்டும்.

தேதி

ஒரு கிழமையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மாதமும் விடாதீர்கள். இரண்டாவது சனிக்கிழமை மாலை 6 மணி என்றால் அதேதான், பத்துப் பேர் வந்தாலும் அதேதான். ஒரு மாதம் மூன்றாவது சனிக்குத் தள்ளினால், அடுத்த மாதம் "இந்த வாரமா அடுத்த வாரமா" என்ற கேள்வியிலேயே பாதிப் பேர் வீட்டில் இருந்துவிடுவார்கள்.

எந்தக் கலையை எந்த மாதத்தில் வைப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். நாதஸ்வரம் தவில் செட்டுகளுக்குக் கல்யாண முகூர்த்தம்தான் பிழைப்பு. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் நல்ல முகூர்த்த நாளில் அவர்களைக் கேட்பது அவர்கள் வருமானத்தில் கை வைப்பது. கல்யாணம் குறைந்த புரட்டாசியிலும் மார்கழியிலும் கேளுங்கள், நிம்மதியாக உட்கார்ந்து ஒரு ராகத்தை விரித்து வாசிப்பார்கள். வட மாவட்டக் கூத்து ஜமாக்களுக்குச் சித்திரை முதல் ஆடி வரை திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து இருக்கும். அவர்களை ஐப்பசிக்குப் பிறகு வையுங்கள். கரகம், நையாண்டி மேளத்துக்குப் பங்குனி சித்திரை ஓயாத வேலை. சென்னையில் கர்நாடகப் பாடகர்கள் மார்கழியில் சபா சபாவாக ஓடிக்கொண்டிருப்பார்கள். மற்ற மாதங்களில் மூன்று வாரம் முன்னால் சொன்னாலே வருவார்கள்.

ஐப்பசி கார்த்திகையில் மழைக்குக் கூரை உள்ள இடம் வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குச் சமுதாயக் கூடத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள். சாமியானா மழைக்கு ஆகாது, நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கிக் கம்பமே சாயும்.

கலைஞர்களைக் கண்டுபிடிப்பது

யூடியூபில் தேடினால் ஏற்கெனவே மேடை கிடைத்தவர்கள்தான் கிடைப்பார்கள். மாவட்ட அரசு இசைப் பள்ளிக்குப் போங்கள். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் அங்கே சொல்லித்தருகிறார்கள். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு மேடை தேவை, உங்களுக்கு ஆள் தேவை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குக் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த குழுத் தலைவர்களின் தொடர்பு அங்கே கிடைக்க வழியுண்டு. கானா பாடுகிறவர்கள், டேப் என்னும் கைப்பறை அடித்துப் பாடும் பக்கீர்கள், சர்ச் பாடகர் குழு, கும்மி தெரிந்த பாட்டிமார்கள் உங்கள் வார்டிலேயே இருப்பார்கள். டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் விசாரித்தால் தெரிந்துவிடும்.

கூத்து வாத்தியாரிடம் போனில் பேசி முடிக்காதீர்கள். நேரில் போய், வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுங்கள். அதுதான் அவர்கள் மரபு. அதற்குப் பிறகு அந்தத் தேதியை வேறு யாருக்கும் தர மாட்டார்கள்.

மூன்று நிகழ்ச்சி, அதற்கு மேல் வேண்டாம்

6 மணிக்குத் தொடங்கி 8.15-க்கு முடிக்க வேண்டும். 35 நிமிடம், 35 நிமிடம், 40 நிமிடம். நடுவே இரண்டு இடைவெளி, ஒவ்வொன்றும் 10 நிமிடம். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும், குழந்தையைத் தூங்க வைக்க வேண்டியவர்களும் முடியும் வரை இருப்பார்கள்.

வரிசைக்கு ஒரு விதி: சத்தம் குறைந்தது முதலில், அதிகமானது கடைசியில். தவிலும் பறையும் கேட்ட காது அடுத்த அரை மணிக்கு வயலினின் நுணுக்கத்தைப் பிடிக்காது. கிட்டார், டிரம்ஸ் வைத்த இளைஞர் குழு இருந்தால் அதுவும் கடைசிதான். டிரம் செட்டை நடுவில் மேடையிலிருந்து இறக்க 20 நிமிடம் ஆகும்.

தெருவைக் கூட்ட 5.30-க்குப் பறைக்குழு ஒரு சுற்று அடித்துக்கொண்டு வருவது அழகுதான். ஆனால் மேடையில் அவர்களுக்கு முழு 40 நிமிடம் தந்த பிறகுதான் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வரும். அதுவும் விருப்பமா என்று கேட்டு, தனித் தொகை பேசி.

முழு இரவுக் கூத்தை 40 நிமிடத்தில் அடைக்க முடியாது. கூத்து வரும் மாதம் நிகழ்ச்சியை இரண்டாகக் குறைத்து, கூத்துக்கு 75 நிமிடம் கொடுங்கள். எந்தப் பகுதியை ஆடுவது என்பதை வாத்தியாரே சொல்லட்டும். கதையை அறிமுகம் செய்யும் கட்டியங்காரன் வருகையையும், முதல் வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடும் திரை விருத்தத்தையும் நேரம் கருதி வெட்டச் சொல்லாதீர்கள். பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தமும் கிரீடத்தின் நுனியும் மட்டும் தெரிகிற அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் குழந்தைகள் முன்வரிசையில் இடம் பிடிக்கிறார்கள்.

தரையும் உயரமும்

பரதத்துக்குத் தனி ஆட்டம் என்றால் 20க்கு 16 அடி, குழு என்றால் 24க்கு 20 அடி. பலகைகளின் இணைப்பில் ஆணித் தலை நிமிர்ந்திருக்கிறதா என்று ஒருவர் வெறுங்காலோடு மேடை முழுக்க நடந்து பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. மேலே கம்பளம் விரிக்காதீர்கள், காலைத் தட்டி ஆடும் தட்டடவில் சுருண்டு காலை வாரிவிடும். வினைல் விரிப்பைப் போட்டு நாலு ஓரமும் டேப் ஒட்டலாம், அல்லது வெறும் பலகை போதும். சிமென்ட் மேடையில் ஆட வேண்டியிருந்தால் சித்திரை வைகாசியில் 4 மணிக்கும் 5 மணிக்கும் இரண்டு முறை தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். பகல் வெயில் வாங்கிய சிமென்ட் ஆறு மணிக்கும் பாதத்தைச் சுடும்.

கரகத்துக்கு உயரம் முக்கியம். தலைக்கு மேல் கரகமும் அதன் உச்சியில் உள்ள கிளியும் சேர்த்தால் சாமியானாக் கயிறும் சீரியல் லைட் ஒயரும் தட்டும். தரையிலிருந்து 15 அடிக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. சிலம்பத்துக்குச் சுற்றிலும் 15 அடி கயிறு கட்டிய வட்டம். கயிற்றுக்குள் எந்தக் குழந்தையும் வராமல் பார்க்க இரண்டு பேர் வேறு வேலை இல்லாமல் நிற்க வேண்டும்.

வில்லுப்பாட்டுக்கு மேடை ஆடக் கூடாது. வில் குடத்தின் மேல் சாய்ந்திருக்கும். கீழே வெற்றிடமான பலகை மேடை என்றால் ஒவ்வொரு அடிக்கும் பலகையே முழங்கிப் பேச்சு அமுங்கிவிடும். குடத்தின் கீழ் பிரிமணை, அதன் கீழ் இரண்டு மடிப்புச் சாக்கு போட்டால் சரியாகும். கூத்தைத் தரையிலேயே நடத்துங்கள். மூன்று பக்கமும் ஜனம் உட்கார்ந்தால்தான் அது கூத்தாக இருக்கும்.

சுருதியும் தோலும்

இதை அறியாமல் நிகழ்ச்சியைக் கோத்துவிட்டுச் சாயங்காலம் தவிப்பவர்கள் அதிகம். ஒரே மாலையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடுகிறார்கள், மிருதங்கம் ஒருவரே என்றால், கருவி ஒன்று போதாது. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுவார்கள், பெண்கள் 5, 5½ கட்டையில். முதல் வகைக்கு ஹெச்சு சுருதி மிருதங்கம், இரண்டாவதற்குத் தக்கு சுருதி மிருதங்கம். வாரைக் கல்லால் தட்டி அரைக் கட்டை ஏற்றலாம் இறக்கலாம், மூன்று கட்டை தாண்டாது. கடம் அதுவும் முடியாது, சுட்ட மண்ணின் சுருதி அதுவேதான். ஆகவே அழைக்கும்போதே "எத்தனை கட்டை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பக்கவாத்தியக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கு ரவையைப் பிசைந்து அப்ப ஒரு கிண்ணத் தண்ணீரும் பத்து நிமிடமும் வேண்டும். மேடை ஏறின பிறகு அந்த வேலை நடக்கக் கூடாது. நாதஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை எச்சிலில் ஊற வைத்துப் பதம் பார்ப்பார். அவருக்கும் கால் மணி நேரம் தனியாக விடுங்கள்.

பறையைக் காய்ச்சுவது தனிப் பாடம். தோல் ஈரம் வாங்கினால் தளர்ந்து "தொப் தொப்" என்று கேட்கும். மேடைக்கு 50 அடி தள்ளி, காற்று மேடையை நோக்கி அடிக்காத பக்கத்தில், ஓர் இரும்புச் சட்டி. அதில் வைக்கோல், காய்ந்த தென்னோலை, பழைய காகிதம். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். ஏறுவதற்கு 20 நிமிடம் முன்னால் பற்றவைத்தால் போதும். பறையைத் தீயருகே சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள், இடையிடையே சுண்டிப் பார்ப்பார்கள். தொப்பென்ற ஒலி ஏறி ஏறி, கடைசியில் "டண்" என்று வெட்டும். அந்த ஒலி வந்ததும் பறை மேடைக்குத் தயார். பனி இறங்கும் மாதங்களில் பதினைந்து நிமிடத்தில் மறுபடி தளரும், அதனால் தணலை அணைக்காமல் வையுங்கள். பூங்காவில் தீ மூட்ட அனுமதி இல்லையென்றால் அதை முன்கூட்டியே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள், ஃபைபர் பறை கொண்டுவருவார்கள். வந்து இறங்கியபின் "இங்கே நெருப்பு கூடாது" என்று சொல்வது அவர்கள் கலையை அவமதிப்பது.

சவுண்டு

200 பேர் உட்காரும் திறந்தவெளிக்கு 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, மேடையில் இருப்பவருக்கே கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு, 16 சேனல் மிக்ஸர். இதற்கு மேல் வேண்டாம். மைக் செட்காரர் டபுள் பேஸ் பாக்ஸ் தருகிறேன் என்பார், கும்பாபிஷேகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்பீக்கர் எப்போதும் மைக்குகளுக்கு முன்னால், தரையிலிருந்து 6 அடிக்கு மேல். பின்னால் தள்ளினால் அதன் சத்தம் மைக்கிலேயே திரும்பப் புகுந்து கீச்சென்று கத்தும். மானிட்டரை மைக்கின் முதுகைப் பார்த்து வையுங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற மைக் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகத்தான் வாங்கும். பாடகர் "மானிட்டர் ஏத்துங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், முதலில் மிருதங்கத்தை அவர் மானிட்டரிலிருந்து இறக்குங்கள். பெரும்பாலும் அவர் குரல் அதன் அடியில் புதைந்திருப்பதுதான் பிரச்சினை. குரல் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றின் உறுமலும் மேடை அதிர்வும் போய்விடும்.

கச்சேரிக்குக் குரல் 1, வயலின் 1, மிருதங்கம் 2, தம்புரா 1. பரதத்துக்கு, ஜதி சொல்லித் தாளம் தட்டும் நட்டுவாங்கத்துக்குத் தனி மைக், மேடை முன்னோரம் தரையில் ஒரு மைக் சலங்கைக்கு. வில்லுப்பாட்டுக்குப் பாடுகிறவருக்கும் பின்பாட்டுக்கும் தனித்தனி, குடத்துக்கு ஒன்று தாழ்வாக. கூத்தில் முகவீணை என்னும் சிறு ஊதுகருவிக்கு மைக் வைக்காதீர்கள், ஆர்மோனியத்துக்கு வையுங்கள். நாதஸ்வரம், தவில், பறை மூன்றுக்கும் திறந்தவெளியில் மைக்கே தேவையில்லை. முதல் வரிசையை 20 அடி தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கலைஞர்கள் பேச ஒரு மைக் கட்டாயம் வேண்டும். எந்த அடி என்ன அடி என்று பறைக்குழுத் தலைவர் விளக்கினால் கூட்டம் காது கொடுத்துக் கேட்கும்.

மைக்கே இல்லாமலும் ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் குழந்தைகள் மைக் இல்லாமல் பாடிய மாதக் கச்சேரிகள், 50 பேர் வட்டமாக உட்கார்ந்தால் குரலே போதும் என்று காட்டின.

கரண்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: லைட்டுக்கும் சவுண்டுக்கும் வேறு வேறு லைன். ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுத்தால் டிம்மர் போடும்போதெல்லாம் ஸ்பீக்கர் ரீங்காரமிடும். ஜெனரேட்டர் 100 அடி தள்ளி, எர்த் கம்பியோடு. லைட் என்றால் முன்பக்கம் இளமஞ்சள் வெள்ளையில் நாலு, பக்கத்துக்கு ஒன்று. நீலமும் சிவப்பும் மாறிமாறி அடித்தால் அபிநயம் பிடிக்கும் முகம் தெரியாது.

அனுமதி

மாநகராட்சிப் பூங்கா அல்லது திடல் என்றால் மண்டல அலுவலகம், ஊராட்சி என்றால் ஊராட்சி மன்றம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் விண்ணப்பம், குறைந்தது 15 நாள் முன்னால். ஆண்டு முழுவதற்குமான தேதிப் பட்டியலை முதல் விண்ணப்பத்திலேயே இணைத்தால் மாதாமாதம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இடத்தின் எல்லையில் ஒலி, சுற்றுப்புற அளவை விட 10 டெசிபெல் கூடுதல் அல்லது 75 டெசிபெல், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் பக்கத்தில் இருந்தால் 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சட்டத்தை விடப் பக்கத்து வீட்டுக்காரர் முக்கியம். திடலைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் போய் முடியும் நேரத்தைச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தைக் காப்பாற்றுங்கள்.

தியாகராஜர் கிருதிகளுக்கும் பாரதியார் பாட்டுகளுக்கும் யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல், ஆக அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உண்டு. சினிமாப் பாட்டைப் பாடும் குழு வரும் மாதம் ஐபிஆர்எஸ் (பாட்டு உரிமையாளர்கள் சார்பில் உரிமம் தரும் சங்கம்) உரிமம் வாங்குங்கள். வணிக நோக்கமற்ற மன்றங்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தாலும், கலைஞருக்குச் சம்பளம் தரும் நீங்கள் அதை நம்பி இருக்க வேண்டாம்.

பணம்

தலைக்கு ஒரே தொகை. இதில்தான் வாக்குவாதம் வரும், இதில்தான் உறுதியும் வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு, உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: கச்சேரி 3 பேர், பரதம் 5 பேர், பறை 8 பேர், ஆக 16. தலைக்கு 2,500 என்றால் 40,000. போக்குவரத்து 6,000, சவுண்டு 12,000, மேடையும் லைட்டும் 8,000, நாற்காலி, சாப்பாடு, டீ 7,000, கைக்காவல் 5,000. மொத்தம் 78,000. மாதம் 400 ரூபாய் தரும் 200 குடும்பம் இருந்தால் வண்டி ஓடும். ஒரே ஒரு பெரிய ஸ்பான்சர் வேண்டாம். இரண்டாவது மாதமே அவர் பேனர் கலைஞரை மறைக்கும், மூன்றாவது மாதம் யார் பாட வேண்டும் என்றும் சொல்வார்.

மூத்த வித்வான் பத்து மடங்கு கேட்டால் அது அவர் உரிமை, அவர் சாதனைக்கு அது தகும். அவரை இந்த மாத மேடைக்கு அழைக்காமல், தனி நிதி திரட்டி ஆண்டு விழாவுக்கு அழையுங்கள். முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு, பஸ் செலவுக்கு. மீதி, மேடை இறங்கி அரை மணிக்குள் கையில். "செக் அனுப்புகிறோம்" என்பது கூலி நாளை விட்டுவிட்டு வந்தவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. குழுத் தலைவரிடம் கொடுக்கும்போது உறுப்பினர் முன்னிலையில் கொடுத்து எல்லோரும் கையெழுத்திடட்டும். வரவுசெலவைக் கேட்கிற எவருக்கும் காட்டுகிற மாதிரி வங்கிக் கணக்கு வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதியலாம்.

அன்றைய நாள்

மதியம் 2 மணிக்கு மேடை. 3 மணிக்குச் சவுண்டு. கூத்து உண்டென்றால் வேஷக்காரர்கள் 3 மணிக்கே வந்துவிடுவார்கள், அரிதாரம் பூசி, கட்டை என்னும் மர அணிகளைக் கட்ட மூன்று மணி நேரம் ஆகும். அவர்களுக்கும் நடனக்காரர்களுக்கும் ஒரே ஒப்பனை அறை: பெரிய கண்ணாடி, நல்ல வெளிச்சம், மின்விசிறி, தாழ்ப்பாள், பெண்களுக்குத் தடுப்பு, பக்கத்தில் சுத்தமான கழிப்பறை. 4 மணிக்குச் சவுண்டு பார்ப்பது, கடைசி நிகழ்ச்சியில் ஆரம்பித்து முதல் நிகழ்ச்சியில் முடிப்பது. அப்போதுதான் முதலில் ஏறுகிறவர்களின் மைக்குகள் வைத்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு மைக் நின்ற இடத்திலும் நிற டேப்பால் ஒரு குறி ஒட்டிவிடுங்கள், சிவப்பு முதல் நிகழ்ச்சி, மஞ்சள் இரண்டாவது, பச்சை மூன்றாவது. பத்து நிமிட இடைவெளி பத்து நிமிடத்திலேயே முடிவதற்கு இந்த டேப்தான் காரணம். 5.15-க்கு எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே பந்தி.

முன்னால் ஜமுக்காளம், பின்னால் நாற்காலி. 200 பேர் வருவார்கள் என்றால் 120 நாற்காலி போட்டு மீதியை அடுக்கி வையுங்கள். நிறைந்தபிறகு எடுத்துப் போடும் நாற்காலி உற்சாகம் தரும், காலியாகக் கிடக்கும் நாற்காலி பாடகரின் குரலையே இறக்கிவிடும்.

தொகுப்பாளர் ஒருவருக்கு 90 விநாடி, அதில் தாளம் போடுகிறவர் வரை எல்லோர் பெயரும் வர வேண்டும். பெயர்களை மதியமே அவரவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சிறப்பு விருந்தினர் கிடையாது, குத்துவிளக்கும் பொன்னாடையும் கிடையாது. ஒரு பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தினால் ஆறு பேருக்குப் போர்த்த வேண்டிவரும், 25 நிமிடம் போகும், அது கடைசியில் ஆடுகிற பறைக்குழுவின் நேரத்திலிருந்துதான் போகும். எட்டேகாலுக்கு முடிக்க வேண்டிய கட்டாயத்தில் "கொஞ்சம் சுருக்கிக்கோங்க" என்று அவர்களிடம்தான் சொல்வீர்கள். முதலில் ஏறியவர் நேரம் தாண்டினால், 30-ஆவது நிமிடம் மேடையோரம் ஒருவர் மஞ்சள் அட்டை காட்டட்டும், 35-இல் சிவப்பு. இந்த ஏற்பாட்டை அழைக்கும்போதே சொல்லியிருந்தால் யாரும் வருந்த மாட்டார்கள்.

வீடியோ எடுப்பதானால் முன்பே சம்மதம் கேளுங்கள். பதிவின் நகலை அந்த வாரத்துக்குள் குழுவுக்கு அனுப்புங்கள், அடுத்த வாய்ப்பு தேட அவர்களுக்கு அது உதவும்.

முடிந்ததும் முதல் வேலை, வெளியூர்க் குழுவைப் பஸ் ஏற்றுவது. வேன் பேசியிருந்தால் டிரைவர் சாப்பிட்டாரா என்று பாருங்கள். பறை காய்ச்சிய சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்த்தபிறகு இடத்தை விட்டு நகருங்கள். நாற்காலி எண்ணிக்கையை அன்றிரவே சரிபாருங்கள், மறுநாள் எண்ணினால் பத்து குறையும். அடுத்த மாத நோட்டீஸை, மூன்று குழுக்களின் எல்லாப் பெயரும் போட்டு, அன்று வந்தவர்கள் திடலை விட்டுப் போகும்போதே கையில் கொடுத்துவிடுங்கள்.